புல்திட்டைச் சுற்றிப் போனவர்

அக்கரைக்குப் படகு ஓட்டியவரைப் பயணிகள் 'சுத்துப்பாதை' என்றுதான் கூப்பிட்டார்கள். நேராக விட்டால் சட்டென்று சேர்ந்துவிடலாம். அவரோ நடுவில் இருந்த கடற்புல் திட்டைத் தொடாமல், வெளியே பெரிய வளைவாகப் போவார்.

"அக்கரைக்குத்தான டிக்கெட் வாங்கினேன்? உலகத்தையே சுத்திக் காட்டுறீங்களே!" என்று யாராவது கிண்டல் செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இளவயதில் அந்தப் புல்மேல் ஓட்ட அவருக்குக் கொள்ளை ஆசை. தெளிந்த நீருக்கடியில் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்தாடும். தாள்களுக்கிடையில் இறால் குஞ்சுகள் துள்ளும். விரல் நீளக் கடல்குதிரைகள் வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும். கடற்பசு ஒன்று கன்றோடு மேய வரும். அது மேய்ந்துபோன தடம் மணலில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

தங்கைக்குப் பிரசவ வலி எடுத்தது ஒரு காலையில். ஆஸ்பத்திரி அக்கரையில். அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"முடியலண்ணா, சீக்கிரம் போ!"

நீர் வற்றியிருந்த நேரம். புல்மேலேயே முழு வேகத்தில் விட்டார். திட்டின் நடுவே படகு எதன்மீதோ ஏறி இறங்கியது. பின்னால் நீர் சிவந்தது. திரும்பிப் பார்த்தார், நிறுத்தவில்லை.

பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டர். அவர் குழந்தையைப் பார்க்காமலே படகைத் திருப்பினார்.

கடற்பசு செத்து மிதந்தது. அதன் துடுப்புக்கு அடியில் கன்று முட்டிக்கொண்டிருந்தது. அவர் நீரில் இறங்கி நின்றார். வெகுநேரம் கழித்துக் கன்று அவரிடம் வந்து வயிற்றையும் அக்குளையும் மூக்கால் துழாவியது. பாலைத் தேடியது.

கால்நடை மருத்துவரை அழைத்து வந்தார். "புட்டிப்பால் குடுத்துப் பாக்கலாம். பிழைக்கும்னு சொல்ல முடியாதுங்க," என்றார் மருத்துவர். கொடுத்தார்கள். கன்றின் வாயில் இறங்கியதைவிடக் கடலில் கரைந்ததே அதிகம். தோல் சுருங்கிப்போக அவர் நீரிலேயே கிடந்தார். ஒரு விடியலில் கன்று மூச்சுவிட மேலே வரவில்லை.

தங்கை வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை அவர். ஆனால் அவள் மகளை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. குழந்தையின் பிறந்தநாளன்று அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். அந்தப் பெண் வளர்ந்து, அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாகி, அவர் படகிலேயே போய்வந்தாள். தன் அம்மா எல்லாவற்றையும் சொன்ன மறுநாள், அக்கரையில் மற்றவர்கள் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நான் பொறந்திருக்கவே வேணாம்னு தோணியிருக்கா?"

"ஐயோ, என்னம்மா பேச்சு இது!"

"அப்புறம் ஏன் என்னத் தூக்கவே இல்ல?"

இஞ்சினைத் துடைத்த துணியை அவர் கீழே வைத்தார்.

"ஆசை இல்லாமலா? உன் பக்கம் கையக் கொண்டுவந்தாலே, அந்தக் குட்டி வந்து முட்டுற மாதிரி இருக்கும். அந்தக் கையால உன்ன எப்படிம்மா தூக்குவேன்?"

அவள் எழுந்து அவர் பக்கம் வந்தாள்.

"வேலைக்கு நேரமாச்சு, போ," என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.