தம்பிக்காக இளைத்த கதை

என் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொன்ன அன்றே, அதை இப்போது எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அது. டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர், ஒல்லி வேறு.

"உங்க எடை ரொம்ப அதிகம்மா. சுகரும் வரட்டுமா வேண்டாமான்னு நிக்குது. இந்த உடம்போட ஒரு கிட்னியை எடுத்துட்டா, இன்னொண்ணு கஷ்டப்படும். குறைச்சிட்டு வாங்க. குறைச்ச பிறகு சில மாசம் அது கூடாம இருக்கணும். அதையும் பாத்துட்டுத்தான் தேதி குடுப்போம்."

ஒல்லியானவர்கள் இதைச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றும் வந்தது. ஆனால் பக்கத்து நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலருக்குள் அவன் கழுத்து குச்சியாக நின்றது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

தம்பி சின்னாளபட்டியில் இருக்கிறான். எங்களுடையது தறி வீடு. அவன் மட்டும் தறியில் உட்காரப் பிடிக்காமல் லோடு ஆட்டோ ஓட்டப் போனான். சேலைக் கட்டையும் தேங்காய் மூட்டையையும் தானே தோளில் தூக்கிப் போடுகிறவன். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போன பிறகு, வாரம் இரண்டு தடவை திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி வந்து டயாலிசிஸ் செய்துகொண்டான். முடிந்ததும் நேரே என் கடைக்கு வருவான். மலைக்கோட்டைக்குப் போகும் தெருவில் ஒற்றை அறைக் கடை. ரவிக்கை தைப்பதுதான் எனக்குத் தொழில். திரைக்குப் பின்னால் பாய் விரித்து வைத்திருப்பேன். செத்த நேரம் படுத்துவிட்டு பஸ் ஏறுவான். தையல் மிஷின் சத்தத்தில் நல்ல தூக்கம் வருகிறது என்பான். மூச்சு வருகிறதா என்று நான்தான் நடுநடுவே மிஷினை நிறுத்திக் கேட்டுக்கொள்வேன்.

எடை குறைக்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஆளாளுக்குக் கொள்ளுப் பையோடு வந்து நின்றார்கள். ஒருத்தி தேனும் வெந்நீரும் என்றாள், இன்னொருத்தி சுரைக்காய்ச் சாறு என்றாள். நான் எல்லாவற்றையும் செய்தேன். ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினேன். காலையில் கொள்ளுக் கஞ்சி, மதியம் கைப்பிடிச் சோறு. கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கையில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டு, அதற்கும் அவளையே திட்டினேன்.

எடை மளமளவென்று இறங்கியது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். "இதே மாதிரி இருங்க" என்றார். இதே மாதிரி எப்படி இருப்பது? அடுத்த வாரமே நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, சீரகச் சம்பாவில் கிடா விருந்து. காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி விழுந்தேன். அதற்குப் பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. போன எடை வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

தைப்பூசம் வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பழனிக்கு நடந்து போகலாம். தம்பிக்காக முருகனிடம் கேட்டமாதிரியும் ஆச்சு, உடம்பு கரைந்தமாதிரியும் ஆச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வீட்டுக்காரரும் மகளும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்தச் சாலையில் தைப்பூசத்துக்கு நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் அன்னதானப் பந்தல். ஒரு பந்தலில் பொங்கல், அடுத்ததில் கேசரி, அதற்கடுத்ததில் தக்காளிச் சோறு, நடுவில் சுக்கு காப்பி, தர்ப்பூசணி, பிஸ்கட். ரெட்டியார்சத்திரம் தாண்டியும் கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்துகொண்டுதான் இருந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு பெரியவர், தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு குறுக்கே வந்து நின்றார்.

"ஏனுங்க, முருகன் குடுக்கறதை வேண்டாம்னு சொல்லிட்டு, அவன்கிட்டயே என்னங்க கேக்கப் போறீங்க?"

தம்பி உயிரைக் கேட்கப் போகிறவள் நான். தொன்னையை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு பந்தலைக்கூட விடவில்லை. பயந்து பயந்து சாப்பிட்டேன், ஆனால் நன்றாகச் சாப்பிட்டேன்.

மதுரையில் எடை மிஷின் மேல் ஏறி நின்றபோது டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார், என் காலில் இருந்த கொப்புளங்களைப் பார்த்தார். "பழனிக்கு நடந்தே போயி எடை கூடுன ஆளை இப்பத்தாம்மா பாக்கிறேன்" என்றார். தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் வந்து முதுகைத் தடவ வேண்டியதாகிவிட்டது.

அந்த மாதமே அவனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உட்கார்ந்தபடியேதான் தூங்கினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் தோளைப் பிடித்தால் எலும்பு கையில் குத்தியது. எனக்கு என் உடம்பைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அவன் அங்கே கரைந்துகொண்டிருக்கிறான், அவனுக்கு வேண்டியது இங்கே எனக்குள்ளே கொழுப்புக்கு நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. நான் குறைப்பதற்குள் அவன் போய்விடுவான் என்று பயந்தேன். வேறு எதற்கும் அப்படிப் பயந்ததில்லை.

அவன் தேறி எழுந்த பிறகு மறுபடி மதுரை. டாக்டரம்மா இந்த முறை திட்டவில்லை. "நேத்து காலையில இருந்து என்ன சாப்டீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். மூன்று இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, சாயங்காலம் ஒரு காப்பி, ராத்திரி இரண்டு தோசை. பொய் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டார். அப்போது தம்பி மெதுவாக வாயைத் திறந்தான்.

"சட்டி வழிச்சதைச் சொல்லுக்கா."

"அது எப்பிடிலே சாப்பாட்டுல சேரும்? அது மிச்சந்தானே?"

டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் சத்தியமாகத்தான் சொன்னேன். வீட்டுக்காரர் வைத்துவிட்டு எழுந்த சோறு, மகள் பாதி தின்ற தோசை, குழம்புச் சட்டியின் அடியில் பிசைந்த கடைசி இரண்டு உருண்டை. சோற்றை வீணாக்கக் கூடாது என்று வாயில் போட்டுக்கொண்டுதான் பாத்திரம் கழுவ உட்காருவேன். அதை ஒரு நாளும் சாப்பாடு என்று நினைத்ததில்லை. பாத்திரம் கழுவுவதில் அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். போதாததற்கு, திடீரென்று யாராவது வந்தால் என்ன செய்வது என்று தினமும் உலையில் ஒரு கை அரிசி கூடப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். வந்தவர்கள் குறைவு. வராத விருந்தாளிகளின் சோற்றையெல்லாம் இத்தனை வருஷமாக நான்தான் தின்றிருக்கிறேன்.

அன்று ராத்திரி வீட்டில் அந்த ஒரு கை அரிசியை நிறுத்தினேன். வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். அவருக்கே பொறுக்கவில்லை. "சட்டியைத் துடைச்சு வைக்கிற வீடு விளங்குமா?" என்றார். "விளங்காட்டிப் போகுது, என் தம்பி இருக்கட்டும்" என்றேன்.

மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்குத்தான் மிச்சம் வரும். கூடவே சாப்பிட்டால் யார் தட்டில் இருப்பதும் அவரவர் பொறுப்பு. மிஞ்சினால் தண்ணீர் ஊற்றிவைத்து, மறுநாள் காலை இட்லிக்குப் பதிலாக அதையே சாப்பிட்டேன். தட்டில் சோறும் வெஞ்சனமும் இடம் மாறின. அவரைக்காய்ப் பொரியலை மலையாகக் குவித்து, சோற்றைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொண்டேன். "வெஞ்சனத்துக்குச் சோறு தொட்டுக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று மகள் கேலி செய்தாள். பிரியாணியை விடவில்லை. விட்டால் என்னை நம்ப முடியாது என்று எனக்கே தெரியும். எப்போதாவது ஒரு நாள், மத்தியானத்தில், கடையில் உட்கார்ந்து ஒரு தட்டு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவேன்.

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மலைக்கோட்டை அடிவாரத்தைச் சுற்றி நடந்தேன். முதலில் முழங்கால் கெஞ்சியது. பாதியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. மழை பெய்தால் போகமாட்டேன், மறுநாள் போவேன். முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று கொண்டைக்கடலை வண்டிக்காரரைத் தேடிப் போகிறவள் நான்.

எடை நத்தை மாதிரி இறங்கியது. ஆனால் திரும்பி ஏறவில்லை. என் ரவிக்கைகள் தொளதொளத்தபோது பிடித்துத் தைக்க எடுத்தேன். எங்கள் தொழிலில் ரவிக்கையின் உள்ளே இரு பக்கமும் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட வசதியாக. "உள்ளே நிறைய விட்டுத் தைங்கக்கா" என்று கேட்காத வாடிக்கைக்காரி கிடையாது. போன முறை இளைத்தபோது நானும் அப்படித்தான், உள்ளே துணியை அப்படியே வைத்துப் பிடித்திருந்தேன். இந்த முறை கத்தரிக்கோலை எடுத்து அந்தத் துணியை வெட்டிப் போட்டேன்.

குறைப்பதைவிட, குறைந்த இடத்தில் நிற்பது சலிப்பான வேலை. குறையும்போது தெருவே பார்த்துக் கேட்கிறது. அப்படியே இருக்கும்போது ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே பொரியல், அதே நடை, அதே முள். அந்த மாதங்களில் தம்பி என் கடைப் பாயில் படுத்தபடி, "இன்னைக்கு நடந்தியா?" என்று மட்டும் கேட்பான். "நடந்தேன்" என்றால் கண்ணை மூடிக்கொள்வான்.

ஒரு நாள் டாக்டரம்மா முள்ளைப் பார்த்துவிட்டு, தேதி குறித்துக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "பயமா இருக்காக்கா?" என்று கேட்டான். "பசிக்குதுலே" என்றேன். உண்மையில் இரண்டும் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகும் வெகு நாட்கள் அவனைக் கூட்டத்தில் விடவில்லை. கிருமி தொற்றிவிடும் என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். போனில் பேசிக்கொள்வதோடு சரி. எனக்குத் தையல் பிரித்ததும் கடையைத் திறந்து, நடையையும் மெல்ல மெல்லப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கிறவளுக்கு இனி அது விடுகிற வேலை இல்லை.

போன மாதம் ஒரு காலை, முதல் பஸ்ஸில் தம்பி வந்து மலையடிவாரத்தில் நின்றான். அவன் சாப்பிடும் மாத்திரையால் பசி தாங்கவில்லையாம், எடை ஏறுகிறதாம், அக்காவோடு போய் நடங்கள் என்று டாக்டரம்மா துரத்தியிருக்கிறார். நான் முன்னால் போனேன். பின்னால் அவன் புஸ்ஸு புஸ்ஸு என்று வந்தான்.

"அக்கா, நில்லு. உன் கிட்னியோட உன் பசியையும் சேத்துக் குடுத்துட்டியா?"

வெடுக்கென்று நாலு வார்த்தை சொல்லத்தான் திரும்பினேன். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் வயிறு பிதுங்கிக்கொண்டு நின்றது. வெயில் ஏறும் நேரம், முகமெல்லாம் வேர்வை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னக்கா? குறைச்சிருவேன், அழுகாத."

"குறைக்கலாம்லே. செத்த நேரம் இப்பிடியே நில்லு. நான் கண்ணாரப் பாத்துக்கிறேன்."