செம்பிக்கு இரும்பு பழக்கியது

மடுல்சீமை பஸ்ஸில் வந்து இறங்கிய அந்த அக்கா, எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றது நினைவிருக்கிறது. “தம்பி, எனக்கு நாயின்னாலே பயம்” என்றார். அவர் வந்ததே நாய் கேட்டுத்தான். மனிதரோடு பேசுவது எனக்கு எப்போதும் சிரமம். கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

பதுளையில், தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களை எடுத்து வளர்க்கும் டொக்டரம்மாவிடம் நான் வேலை செய்கிறேன். ஐந்தாம் ஆண்டோடு படிப்பு நின்றவன். குளிப்பாட்டுவது, சோறு வைப்பது, அமைதியான நாய்களை நோயாளிகளுக்குத் துணையாகப் பழக்குவது எல்லாம் என் வேலை. அக்காவுக்கு வலிப்பு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது யாரும் பார்க்காமல் சரிவில் விழுந்து கிடந்திருக்கிறார். துணையில்லாமல் இனி மலைக்கு விட முடியாது என்று கங்காணி சொல்லிவிட்டார். மலைக்குப் போகாவிட்டால் கணக்கில் பேர் விழாது. அன்றைய சம்பளம் இல்லை; பாதியில் நின்றால் அரைப் பேர், அரைச் சம்பளம்.

அவருக்குச் செம்பியைப் பழக்கினேன். யாரோ கம்பியால் அடித்துப் போட்டிருந்த பெட்டை அது. நான் தரையில் விழுந்து கைகாலை உதறுவேன். அது பக்கத்தில் நின்று விடாமல் குரைக்கும். அக்காவும் வந்து வந்து பழகினார்.

செம்பியைத் துணைக்குக் கூட்டிப்போன பிறகு மலையில் அவர் விழுந்த முதல் தடவை, அது சரியாகவே குரைத்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது அங்கே வழக்கம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு வந்தார். செம்பி பல்லைக் காட்டி ஒருவரையும் கிட்ட விடவில்லை. எல்லாம் பழக்கிய நாங்கள் இரும்பைப் பழக்கவில்லை.

“காப்பாத்த வந்த நாயா, கடிக்க வந்த நாயா? கூட்டிட்டுப் போங்க” என்றார் கங்காணி.

இரும்பால் ஒரு பயனும் இல்லை என்று டொக்டரம்மா அக்காவிடம் விளக்கினார். பிறகு என்னிடம், “ஊரை மாத்த நாளாகும். முதல்ல நாயை மாத்து” என்றார். கத்தி வேண்டாம், சாவிக்கொத்து போதும் என்று அக்கா தன் லயத்து அண்டை வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைத்தார். சாவிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் செம்பிக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தேன். முதலில் ரொட்டியையும் விட்டுவிட்டு ஓடியது. மெல்ல மெல்லத்தான் நின்றது.

அதைக் கங்காணிக்குக் காட்ட வேண்டுமே. காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குக் கூடிய அத்தனை பேர் முன்னாலும் நான் மண்ணில் விழுந்து உதறினேன்.

“அண்ணே, நல்லா உதறுங்க. குளிருல நடுங்குற மாதிரியில்ல இருக்கு!” என்றாள் ஒருத்தி. களமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சிரிக்க வைத்தவளே வந்து சாவியை என் கையில் வைத்தாள். செம்பி விலகி இடம் விட்டது. “சரி, பார்ப்போம்” என்றார் கங்காணி.

இப்போது புதிதாக வரும் ஒவ்வொரு நாய்க்கும் இரும்பையும் சேர்த்தே பழக்குகிறேன். அக்கா இன்னும் மலைக்குப் போகிறார். சில மாதம் கழித்துச் செம்பியைப் பார்க்கப் போயிருந்தபோது, என் கண் முன்னாலேயே விழுந்தார். செம்பி குரைத்தது; பெண்களும் கங்காணியும் வந்தார்கள்; சாவியும் வந்தது. நான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வெகுநேரம் கழித்துத் தெளிந்தவர் என்னையும் பார்க்கவில்லை, நாயையும் தேடவில்லை.

“கங்காணி அண்ணே, இன்னைக்கு அரைப் பேரா?”

“முழுப் பேருதான், தங்கச்சி. தண்ணியக் குடி. நாய்க்குத் தனியாப் பேர் கேக்காம இருந்தாச் சரி.”

அக்கா மெதுவாக எழுந்து உட்கார்ந்து, தன் நிரையில் இன்னும் எத்தனை செடி பாக்கி என்று எட்டிப் பார்த்தார்.