காய்ந்த மூடி

நான் தராசு சரிபார்க்கிறவன். மீன் ஏலக்கூடங்களில் இருக்கும் பெரிய தராசுகளைச் சோதித்து முத்திரை போடுவது என் வேலை. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த விஷயத்திலும் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் கண் முன்னால், என் வாயால் நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜனவரி பதினாறு. ஆவோமோரிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அந்த அம்மா இன்னும் அங்கேதான் கடை வைத்திருக்கிறார்.

அன்று வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஏலக்கூடத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் தராசைப் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊர் ஊராகப் போகிறவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ரயில் 5:48க்கு. நாலரைக்கே இருட்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொண்டைக்காக எப்போதும் போல ஒரு இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கடை தேடினேன்.

இந்தத் தெருமுனை ராமென் நூடுல்ஸ் கடைகள் இல்லையென்றால் நான் என்றோ செத்திருப்பேன். விலை குறைவு, சூடு அதிகம். எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவதால், தனியாக வந்தவனை யாரும் பாவமாகப் பார்க்க மாட்டார்கள். அப்போதே பதினேழு வருடமாக என் இரவுச் சாப்பாடு இப்படித்தான். வீடு என்று சொல்ல அகிதாவில் ஒரு அக்கா, யசுயே. அப்பா சாவுக்கு நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொன்னேன். அக்கா போனை வைத்தாள். அதோடு சரி.

கடைக்குள் நுழைந்தபோது மணி 4:31.

கவுன்டர் முன்னால் ஏழு ஸ்டூல். ஓரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நெத்திலிக் கருவாட்டு சூப்பின் வாசனை. இரண்டாவது ஸ்டூலில் ஒரு கிழவர், தொகாஷி, எதிர்ச்சாரியில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். அவர் முன்னால் இருந்த கிண்ணத்தில் சாப்பிடும் குச்சியே படவில்லை. டிவி அணைந்திருந்தது. இந்த மாதிரிக் கடையில் டிவி அணைந்து நான் பார்த்ததே இல்லை.

கடைக்கார அம்மா ஃபுகிக்கு அறுபது இருக்கும். வாங்க என்று சொன்னார், சிரித்தார். கண் மட்டும் என்னிடம் வரவில்லை.

நான் அடுப்புச் சூட்டுக்காக ஆறாவது ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் வலப்பக்கம், கடைசி ஸ்டூலுக்கு எதிரே, ஒரு கறுப்பு அரக்குக் கிண்ணம் காலியாக இருந்தது. பக்கத்தில் அதன் மூடி, ஒரு ஜோடி குச்சி. ஸ்டூலில் ஆள் இல்லை.

பார்த்ததும் புரிந்துவிட்டது. வெளியே போனவனுக்காக வீட்டில் எடுத்து வைக்கும் சாப்பாடு. எங்கே இருந்தாலும் அவன் வயிறு காயக் கூடாது என்று. கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் இருந்தால் ஆள் சுகம். காய்ந்திருந்தால்... அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அப்பா குளிர்காலத்தில் டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போகும்போதெல்லாம் அக்கா இதைச் செய்வாள். சூடான சூப்பை மூடி வைத்தால் மூடி வியர்க்காமல் என்ன செய்யும் என்று நான் அவளைக் கிண்டலடிப்பேன்.

ஃபுகி அந்தக் கிண்ணத்தில் நூடுல்ஸ் போட்டார். பானையிலிருந்து சூப்பை ஊற்றினார். ஆவி அவர் முகத்தை மறைத்தது. “ரியோ, சாப்பிடுப்பா” என்று மெதுவாகச் சொல்லி மூடினார். மணி 4:36. அதே பானையிலிருந்து அதே கரண்டியால் அடுத்து எனக்கு ஊற்றினார். மிட்டாயைத் துப்பிக் காகிதத்தில் மடித்துவிட்டு ஒரு வாய் குடித்தேன். நாக்கு பொத்துவிட்டது.

தொகாஷி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார். காதோரமாகச் சொன்னார். ஃபுகியின் மகன் ரியோஹேய், இருபத்தொன்பது வயது, விடியற்காலை நாலு மணிக்குச் சின்னப் படகில் தனியாகப் போனவன். 11:20க்குப் பிறகு ரேடியோவில் சத்தம் இல்லை. ரோந்துப் படகுகள் தேடுகின்றன. கடையை மூடிவிட்டு வீட்டில் இரு என்று ஊரே சொல்லியும் இவள் கேட்கவில்லையாம்.

ஃபுகியின் காதில் விழுந்திருக்க வேண்டும். வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

“கடைய மூடுனா அவன் எங்க வந்து சாப்பிடுவான், அண்ணே?”

தொகாஷி தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். தினமும் ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும்போது அவள் மூடியைத் திறப்பாள் என்று பிறகு என்னிடம் முணுமுணுத்தார். ரியோஹேய் படகு ஏறிய நாளிலிருந்து பத்து வருடமாக அப்படித்தான். ஒரு நாள்கூடக் காய்ந்ததில்லை.

4:44. என் வலது தோள் சில்லிட்டது. அடுப்பு அந்தப் பக்கம்தான் எரிகிறது... ஆனாலும் குளிர் அங்கிருந்துதான் வந்தது.

4:49. டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு டொக். கீழே பார்த்தேன். கடைசி ஸ்டூலின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலின் மேலே ஈரமே இல்லை.

4:52. பின்னறையில் போன் அடித்தது. ஃபுகியின் கையிலிருந்து கத்தி விழுந்தது. ஓடினார். தொகாஷியும் பின்னாலேயே போனார். மீனவர் சங்கத்திலிருந்து போல. “சரிங்க... சரிங்க...” என்று ஃபுகியின் குரல் மட்டும் கேட்டது. படகு கிடைத்ததாம், கவிழ்ந்து. ஆள் இல்லையாம். தொகாஷி அதைத் திருப்பிச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் ஏன் அதைச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சோதித்துப் பார்க்கும் புத்தி, வேறென்ன. கையை நீட்டி மூடியைத் தூக்கினேன்.

ஆவி வரவில்லை.

மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் சிவப்பு அரக்கு பளபளவென்று இருந்தது. ஒரு துளி இல்லை. விரலால் தடவினேன். காய்ந்து கிடந்தது. என் நாக்கைப் பொசுக்கிய அதே சூப், பதினேழு நிமிடமாக இதற்கு அடியில் மூடிக் கிடந்திருக்கிறது. நடக்க முடியாத காரியம்.

சூப்பில் விரல் வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. கடல் வாடை அடித்தது.

4:57. பின்னறையில் போனை வைக்கும் சத்தம். இன்னும் மூன்று நிமிடத்தில் அந்தப் பெற்றவள் வந்து இதைத் திறப்பாள். திறந்து இதைப் பார்ப்பாள். எனக்குத் தாங்கவில்லை. வாழ்க்கையில் பொய் எடைக்குக் கையெழுத்துப் போடாதவன் நான். அன்று போட்டேன்.

மூடியை வாய்க்கு அருகில் பிடித்து, ஹா... என்று ஊதினேன்.

படியவில்லை.

இன்னொரு முறை. ஹா...

படியவில்லை. குளிர்ந்த அரக்கின் மேல் மூச்சுப் பட்டால் படியாமல் போகுமா?

மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து ஊதினேன். மெல்ல வெள்ளையாகப் படிந்தது. போதும் என்று வாயை மூடப் பார்த்தேன்.

முடியவில்லை.

மூச்சு போய்க்கொண்டே இருந்தது.

நான் விடவில்லை... யாரோ இழுத்தார்கள்.

மூடிக்கு அந்தப் பக்கம் ஒரு வாய் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். ஈரமான, குளிர்ந்த வாய். பசியோடு இழுத்தது. விலா எலும்பு உள்ளே ஒட்டியது. கண் இருட்டியது. மூடி கையில் கனத்தது.

4:59.

விட்டது.

மூடியைக் கிண்ணத்தின் மேல் போட்டேன்.

ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்தது. ஐந்து மணி.

ஃபுகி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஏப்ரனில் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். மூடியைத் தூக்கினார். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். ஒன்று உருண்டு கவுன்டர்மேல் விழுந்தது.

“இருக்கான்” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அண்ணே, எம்புள்ள இருக்கான்.”

தொகாஷி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். பொய்ம்மா, நான்தான் ஊதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் கேட்டது.

ஸ்ஸ்ர்ர்...

நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம். என் வலது காதுக்கு ஒரு முழம் தள்ளி.

திரும்பினேன். ஸ்டூலில் யாரும் இல்லை. கறுப்புக் கிண்ணத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சூப் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது.

5:09க்கு வெளியே வந்தேன். தொகாஷி வாசல்வரை வந்தார். நான் நீட்டிய முகவரி கார்டை வாங்கிப் பார்த்து, கடல்ல விழுந்தவனையும் நிறுத்துப் பாப்பியா தம்பி என்று கேட்டார். அழுதுகொண்டே கேலி பேசுகிற மனுஷர். அவர் பேசப் பேச வாயிலிருந்து வெள்ளைப் புகையாக மூச்சு வந்தது.

என் வாயிலிருந்து வரவில்லை.

ரயில் நிலையத்தில் பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. அத்தனை பேர் வாயிலும் புகை. நான் ஓரமாக நின்று கைக்கண்ணாடியில் ஊதினேன்... திரும்பத் திரும்ப ஊதினேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது.

விடுதியில் இரவு 7:40க்கு போன். அகிதா எண். அப்பா செத்த பிறகு, எட்டு வருடத்தில் முதல் தடவை.

“தம்பி, உசுரோட இருக்கியா?” என்றாள் அக்கா.

இருக்கேன், என்ன விஷயம் என்றேன். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

“உன் கிண்ணத்து மூடி இன்னைக்குக் காஞ்சு கிடக்குடா.”

எனக்காக அவள் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து, பதினேழு வருடமாக, ஒரு வேளை விடாமல். அப்பா சாவுக்குப் போகாத எனக்கு, பேச்சே இல்லாத எனக்கு. நான் ஊர் ஊராக முன்னே பின்னே தெரியாத சுவர்களைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் அகிதாவில் எனக்கு ஒரு கிண்ணம் சூடாக இருந்திருக்கிறது. போனைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து தொகாஷியிடமிருந்து கடிதம் வந்தது. ரியோஹேய் கிடைத்துவிட்டான். அன்று 4:40க்கே, சங்கத்துக்குச் சேதி போவதற்கு முன்னால், இன்னொரு ரோந்துப் படகு அவனைத் தூக்கியபோது மூச்சு இல்லை. பதினைந்து நிமிடம் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு, துணியால் மூடியும்விட்டார்கள். ஐந்து மணிக்கு, துணிக்கு அடியில் இருமினானாம். டாக்டருக்கே விளங்கவில்லையாம். கடிதத்தின் கடைசியில் கிழவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: ‘யாரோ ஒரு ஆள் வாயில் ஊதியதாகப் பையன் சொல்கிறான். கருவாட்டு சூப் வாசனையாம். அதோடு இஞ்சி மிட்டாய் வாசனையாம்.’

இஞ்சி மிட்டாயைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் என் மூச்சு எதிலும் படியவில்லை. நடக்கிறேன், சாப்பிடுகிறேன். டாக்டர் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்கிறார். அக்கா தினமும் கிண்ணம் வைப்பாள். சரியாக ஐந்து மணிக்கு நான் போன் செய்வேன். காஞ்சுதான் கிடக்கு, நீ பேசுறியே அது போதும் என்பாள். பிறகு என்ன சாப்பிட்டாய், எந்த ஊர் என்று கேட்பாள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நாளெல்லாம் ஓட்டினேன். ரியோஹேய்க்குப் போன வருடம் கல்யாணம். மறுபடியும் கடலுக்குப் போகிறான் என்று தொகாஷி புத்தாண்டு அட்டையில் எழுதியிருந்தார். மூச்சைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இன்று சாயங்காலம் நடந்தது.

5:00. நான் எண்ணை அழுத்துவதற்கு முன்பே அக்கா கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

“ஈரம்டா தம்பி. சொட்டுது.”

ஓடிப் போய் ஜன்னலில் ஊதினேன். வெள்ளையாக, பெரிதாகப் படிந்தது.

வெளியே காற்று பேயாக அடிக்கிறது. வடக்குக் கடலுக்கு மத்தியானமே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

5:20க்கு தொகாஷியிடமிருந்து ஒரு அழைப்பு. 5:26க்கு இன்னொன்று. 5:41க்கு இன்னொன்று. புத்தாண்டு அட்டை போடுவாரே தவிர, அவர் என்னை போனில் கூப்பிட்டதே கிடையாது.

இப்போது மணி 6:10. போன் மேசைமேல் மறுபடியும் அடிக்கிறது. நான் இன்னும் எடுக்கவில்லை.