தலை ஆடிக்கு மாட்டிய ஈக்வலைசர்

தெரியாது என்று சொல்ல எனக்கு அந்த வயதில் வாய் வராது. அதிலும் மாமனார் வீட்டுக் கூடத்தில், தலை ஆடி விருந்து முடிந்து வெற்றிலையோடு உட்கார்ந்திருக்கும் புது மாப்பிள்ளைக்குச் சுத்தமாக வராது.

மாமனார் வீடு வெள்ளானூரில். முதல் ஆடி என்பதால் என் மனைவியை முன்பே அழைத்து வந்திருந்தார்கள். விருந்துக்கு வந்த நான் சாயங்காலம் தனியாகத் திரும்ப வேண்டும். அதற்குள் அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், ஆம்ப்ளிஃபையருக்குள் போகிற பலகைகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். என் அம்மா சொல்ல, நானும் தலையாட்ட, வேலை நின்றது. இப்போது ஆடி முடிந்ததும் வரச்சொல்லி அந்தக் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். காலையில் நான் வந்ததும் வராததுமாக, போகட்டுமா என்று கேட்டாள்.

"ஈயம் வெக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மைத்துனர் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மனைவிக்கு அண்ணன், துபாயில் வேலை, லீவில் வந்திருந்தார். அங்கிருந்து தூக்கி வந்த, கேசட்டும் உள்ளேயே ஓடுகிற ஸ்டீரியோ ரிசீவர் கூடத்து மேசைமேல் ஜம்மென்று இருந்தது. அட்டைப் பெட்டியில் இருந்தது, முந்தின நாள் டவுனில் வாங்கிய ஈக்வலைசர்.

"மாப்ள, நீங்க கம்பெனில எலக்ட்ரிக்கல்தானே? உங்க கையாலயே மாட்டிக் குடுங்க."

நான் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். அதைச் சொல்லியிருக்கலாம். மாங்காட்டிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "அது இன்னா, ரெண்டு நிமிச வேலை" என்றேன்.

எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். சத்தம் ரிசீவரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிறது, அதைத் திருத்துகிற பெட்டி நடுவில்தான் நிற்க வேண்டும். ஸ்பீக்கர் ஒயர்களைப் பிடுங்கினேன். ஈக்வலைசரின் பின்னால் இருந்தவையோ சின்ன வட்ட ஓட்டைகள். ஒயர் நிற்கவில்லை. தீக்குச்சிகளை ஒடித்து, ஒயரோடு சேர்த்து ஓட்டைகளில் திணித்தேன். சிவப்பும் வெள்ளையுமாக முனை வைத்த நாலு ஒயர்கள் பெட்டியோடு வந்த கவரிலேயே கிடந்தன. உபரி என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். என் கையையே பார்த்தாள். வாயைத் திறந்தாள், அப்பாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் மாப்பிள்ளை கை வைத்த காரியத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அந்த மரியாதைதான் அன்று எனக்கு எமனாக வந்தது.

கேசட் ஓடியது. ஸ்பீக்கரில் கொசு முனகுவது மாதிரி ஏதோ கேட்டது.

"வால்யூம் ஏத்துங்க மாப்ள" என்றார் மாமனார்.

ஏற்றினேன். கொஞ்சம் கரகரத்தது. இன்னும் ஏற்றினேன். ஈக்வலைசரின் மேல் மூடி சுட்டது, லேசாக ஒரு நெடி. என் காது மடலெல்லாம் வியர்த்தது. மைத்துனர் இரண்டு வருடம் வெயிலில் காய்ந்து சம்பாதித்த பொருள். குமிழை விடவில்லை, விட்டால் தோற்றதாகிவிடும் என்று ஒரு திமிர். இன்னும் திருப்பப் போன நேரத்தில் ஃபேன் நின்றது. ரிசீவரின் விளக்கும் அணைந்தது.

"கரண்ட் பூடுச்சி" என்று எல்லோரும் காற்றுக்காக வாசலுக்கு எழுந்து போனார்கள்.

நான் மட்டும் இருந்தேன். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. திரும்பினேன். மீட்டர் பெட்டிக்குக் கீழே அவள், முந்தானைக்குள் ஃபியூஸ் கட்டையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தீக்குச்சிய எடுங்க மொதல்ல" என்றாள், மெதுவாக. "ஸ்பீக்கர் ஒயரு பழைய எடத்துக்கே போவணும். கவர்ல கீற ஒயரு எதுக்குனு நெனச்சீங்க? ரிசீவர் பின்னாடி டேப்புனு எழுதி நாலு ஓட்ட சும்மா கீது பாருங்க. ரிசீவரோட அவுட்டு இந்தப் பொட்டியோட இன்னுக்கு. பொட்டியோட அவுட்டு ரிசீவரோட இன்னுக்கு. சத்தம் வெளிய போயி சுத்திக்கினு திரும்ப உள்ள வரணும், அவ்ளோதான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வாசலில் மாமனாரின் குரல் கேட்டது. "பக்கத்து ஊட்ல ஓடுதே. நம்ம ஃபியூஸா இருக்கும்டா, போயி பாரு."

மைத்துனரின் செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. கோபத்தை எங்கே வைப்பது? மடமடவென்று தீக்குச்சிகளைப் பிடுங்கினேன்.

"அவரே பாத்துக்கினு கீறாருண்ணா, நீ குந்து" என்று அவள் குரல் கொடுத்தாள். செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. நான் ஸ்பீக்கர் ஒயர்களைச் சொருகுவதற்குள் நாலு ஒயரும் அவள் கையால் ஓட்டைகளில் உட்கார்ந்துவிட்டன. தடவிப் பார்க்கக்கூட இல்லை.

"முன்னாடி டேப் மானிட்டர்னு ஒரு பட்டன் கீது. அத அமுக்குனாத்தான் வேல செய்யும். மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டையைப் போடப் போனாள். வெந்த பெட்டி பிழைக்குமா என்று மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஃபேன் சுற்றியது. எல்லோரும் வந்தார்கள். பட்டனை அமுக்கினேன். தபலா ஜன்னல் கம்பி வரை அதிர்ந்தது. ஒவ்வொரு குமிழாக ஏற்றி இறக்கினேன், சத்தம் சொன்ன பேச்சைக் கேட்டது. மாங்காட்டுச் சொந்தங்கள் தலையை ஆட்டின.

"கை வெச்சா போதும் மாப்ளைக்கு. என் தங்கச்சி குடுத்து வெச்சவ" என்றார் மைத்துனர்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சிரித்து வைத்தேன். அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட அவள் தெருமுனை வரை வந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்கப் பெரிய மனசு பண்ணுகிற குரலில், "சரி, ஆடி முடிஞ்சதும் வேலைக்குப் போ" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முந்தானை நுனியில் இன்னும் ஃபியூஸ் கட்டையின் கரி இருந்தது.

"நேத்தே வரேன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றாள். "உங்க கிட்ட எப்பிடிச் சொல்றதுனுதான் பயந்துகினு இருந்தேன். இப்ப அந்த பயமும் பூடுச்சி."