கல்லை வைத்துக்கொண்டு பையை எறியப் போனோம்

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஏலக்காய்த் தோட்டத்தில் இருபது வருடம் காய் எடுத்தும் கங்காணியிடம் அதிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருடம் போடி ஆஸ்பத்திரியில் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் வீட்டுக்காரரிடம் இரண்டு டப்பா கொடுத்தார்கள். ஒன்றில் கற்கள். இன்னொன்றில் மருந்துத் தண்ணீரில் மிதந்த பித்தப்பை. அதைத் தேனி லேபில் சோதிக்கக் கொடுக்கச் சொன்னார்கள்.

சிலமலையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கல் டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார்கள்.

"கல்லுதான் வெளிய வந்துருச்சே மதினி, சதைய எதுக்கு வீட்ல வச்சுக்கிட்டு? நாளைக்குச் சாமி கும்பிடணும்" என்றார் கொழுந்தனார்.

நானும் தலையாட்டிவிட்டேன். அது என் தப்புதான். அவர் பை டப்பாவோடு குப்பைமேட்டுக்குக் கிளம்பினார்.

சில ஏலக்காய் வெளியே பச்சைப்பசேலென்று இருக்கும்; பிளந்தால் விதை கறுத்திருக்கும். தினமும் பிளந்து பார்க்கிறவள், என் பையைப் பார்க்காமல் எறிவதா?

"தம்பி, நில்லுங்க! அது என் உடம்பு. கொண்டாங்க இங்க!" தையல் சுண்டி இழுக்க, வாசல்வரை போய்விட்டேன்.

"மதினிக்கு வாய் முளைச்சிருச்சுடோய்!" என்று சிரித்தபடி கொடுத்தார்.

தேனி லேபில் கொடுத்தோம். பையின் உள்தோல் மாறத் தொடங்கியிருந்ததாம். புற்றுநோய் இல்லை, அப்படியே விட்டிருந்தால் ஆகியிருக்கலாம், முழுதாக எடுத்தாயிற்று என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லைல்ல? இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றார் கொழுந்தனார்.

"ஒண்ணுமில்லைன்னு பாத்தவங்க சொல்லணும் தம்பி. நீங்க சொல்லக் கூடாது."

அந்த வார்த்தையை மட்டும் நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.