இருபத்திரண்டு வருடக் கடல்நாய்

தையல்காரர் உடைந்த படத்தோடு கடைக்கு வந்தபோது மணி பதினொன்று. அன்றைக்கென்று பிரேம்காரர் கடையில் இல்லை. இருந்திருந்தால் வர்ணக்கா அந்தப் படத்தின் பின்பக்கத்தைத் திறந்திருக்கவே மாட்டார்.

வர்ணக்கா என்பது கடைத்தெரு வைத்த பெயர். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம். அண்ணியின் படக்கடையில் வேலை. கடையின் முதல் கையிருப்பு ஒரே ஒரு பழைய புத்தகம். ஏதோ ஒரு காலத்தில் வடதுருவக் கடலுக்குப் போன கப்பலின் கதை அது. அதில் பன்னிரண்டு செதுக்குப் படங்கள். அண்ணி அவற்றை வெட்டி எடுத்து, பக்கத்துத் தெரு அச்சகத்தில் கெட்டித் தாளில் கறுப்புக் கோடாக அச்சடிப்பார். அதன் மேல் கையால் வண்ணம் ஏற்றுவது வர்ணக்கா. எழுத்து எதுவும் கூடாது என்பது அண்ணியின் சட்டம். "எழுத்து இருந்தா பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். சுவத்துல மாட்டி யாரு பரீட்சை எழுதப் போறாங்க?"

பன்னிரண்டில் அதிகம் போனது 'தொப்பிப் படம்'. மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று பனிப்பாளங்களுக்கு நடுவே கிளம்புகிறது. மேல்தட்டில் பதினான்கு பேர் வரிசையாக நின்று தொப்பியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கீழே இடது ஓரத்தில், தனிப் பாளம் ஒன்றின் மேல், கட்டைவிரல் நகமளவு கறுப்பாக ஒன்று. அது கடல்நாய். வர்ணக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதற்குக் காப்பிக்கொட்டை நிறம் கொடுத்து, ஒரு நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்து, கண் திறந்துவிட்டார். வானத்துக்கு இளஞ்சிவப்பு, கொடிக்குச் சிவப்பு. பார்த்தாலே மனசு குளிரும் படம். கல்யாணத்துக்கு, புது வீட்டுக்கு, ஓய்வு பெறுகிறவர்களுக்கு என்று வாங்கிப் போனார்கள். வாங்க வரும் குழந்தைகள் கடல்நாயைத் தேடிக் கண்டுபிடித்துக் கத்துவார்கள். அந்த வெள்ளைப் புள்ளியில் வர்ணக்காவுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குப் புது வார்டு கட்டியதும், கட்டிலுக்கு ஒன்றாக நாற்பது தொப்பிப் படம் கேட்டார்கள். "சந்தோஷமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் தலைமை நர்ஸ். மூன்று வாரம் குனிந்து நாற்பது வானம், நாற்பது கொடி, நாற்பது கடல்நாய் தீட்டியதில் வர்ணக்காவின் இடுப்பு கழன்றே போயிற்று. காலையில்தான் பிரேம்காரர் அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாட்டப் போயிருந்தார். வார்டுக்கு நோயாளிகளும் அன்றைக்கே வருகிறார்கள்.

"கடை தொடங்கின புதுசுல வாங்கினது. ஆணி கழண்டு விழுந்துடுச்சு" என்றார் தையல்காரர். "கண்ணாடி மட்டும் மாத்திக் குடுங்கம்மா. கடல்நாய்க்கு அடி படல."

"அது கெட்டி உயிரு" என்று சிரித்துக்கொண்டே வர்ணக்கா பின்பக்க ஆணிகளை நெம்பினார். அட்டையை எடுத்தார். அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் பழுப்புத் தாள்கள் நான்கு இருந்தன. அச்சடித்த பக்கங்கள். மேலாக இருந்ததில் 'எதிர்ப்பக்கப் படம்' என்று தொடங்கியது. சும்மா இருந்திருக்கலாம். படித்துவிட்டார்.

'எதிர்ப்பக்கப் படம்: எங்கள் சமையல்காரரைப் பிரிகிறோம். வேட்டைக்குப் போன இடத்தில் அவருக்குக் கால் முறிந்தது. தூக்கி வருவதற்குள் பனி பிளந்துவிட்டது. படகு நான்கு முறை போய் நான்கு முறையும் திரும்பியது. இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் கப்பலே நசுங்கும். மூன்று கம்பளிகளையும் பதினொரு நாளுக்கான ரொட்டியையும் கயிற்றில் கட்டி எறிந்தோம். பதினொரு நாளில் வருவோம் என்று எல்லோரும் கத்தினோம். பிறகு தொப்பியைக் கழற்றினோம். அவர் எங்களைப் பார்த்தபடி படுத்திருந்தார். திரும்பி'

அதோடு பக்கம் முடிந்தது. திருப்பிப் பார்த்தால், மறுபுறம் இருந்தது இதற்கு முந்தைய பக்கம். அடுத்த தாள் கயிறுகளைப் பற்றியது. அதற்கடுத்தது, காற்று.

வர்ணக்கா பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் இடது ஓரத்தில் வைத்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கம்பளியின் நெசவு. மடங்கிய முழங்கை. வெள்ளைப் புள்ளி வைத்த இடத்தில், இம்மியளவில், நிமிர்ந்த ஒரு முகம்.

தூக்கிவாரிப் போட்டது. பூதக்கண்ணாடி மேசையில் விழுந்து உருண்டது.

"என்னம்மா, உள்ள தேளா?" என்றார் தையல்காரர்.

அண்ணி வந்து பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆனால் அண்ணி அண்ணிதான். "யாருக்குத் தெரியும்? தாளை உள்ள வெச்சு மூடு."

"அண்ணி, கால் ஒடிஞ்சவங்க நாப்பது பேர். ஒவ்வொருத்தர் எதிர்லயும் கால் ஒடிஞ்சவனை விட்டுட்டுப் போற படம்."

"அவங்க பார்க்கறது கடல்நாய். நீ சொன்னாத்தான் மனுஷன்."

"அந்தப் புத்தகத்தை வெட்டினது நீங்கதானே? ஒரு வரி படிக்கலையா?"

"கத்தி நேராப் போகுதான்னு பார்த்தேன்டி. படிச்சுக்கிட்டு வெட்டினா விரல் போயிருக்கும்."

வர்ணக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். அண்ணி பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்து, "நாப்பதையும் கழட்டினா கடை மானம் போயிடும், பார்த்துக்கோ" என்றார். தையல்காரர் கண்ணாடி இல்லாத சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வார்டில் முப்பத்தெட்டு மாட்டியாகிவிட்டது. பிரேம்காரர் ஏணியில் நின்று ஆணியைப் பல்லில் கடித்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஆணி கீழே விழுந்தது.

"அந்தத் தாளா? ஆமா, நாந்தான் வெச்சேன். பழைய தாள், படத்துல கறை ஏறாது. ஒரு பிரேமுக்கு நாலு. முதல் வருஷத்துலயே தீர்ந்துடுச்சு."

"அதுல எழுதியிருந்ததைப் பார்க்கலையாண்ணே?"

"தடிமனைப் பார்த்தேன் வர்ணம். எழுத்தை யாரு பார்த்தா?"

ஆக, ஒருத்தர் கத்தியைப் பார்த்தார், ஒருத்தர் தடிமனைப் பார்த்தார். கண் வைத்தவர் மட்டும் யோக்கியமா என்று வர்ணக்கா தன்னையே கேட்டுக்கொண்டு நிற்கும்போது, ஏழாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, படக்காரம்மா. அந்த ஆளை ஏன் விட்டுட்டுப் போறாங்க?"

பஸ் கண்டக்டராக இருந்தவர். வலது கால் மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எந்த ஆளு?"

"அதோ, ஓரத்துல படுத்திருக்காரே. நர்ஸம்மா கடல்நாய்னு சொன்னாங்க. கடல்நாய் எப்பம்மா போர்வை போர்த்திச்சு? நின்னு பார்க்கறவங்களுக்குத் தெரியாது. என்னை மாதிரி படுத்துப் பாருங்க."

எட்டாம் கட்டில்காரர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஆமாய்யா!" என்றார். ஒன்பதாம் கட்டில் பார்த்தது. பத்து பார்த்தது. பிரேம்காரர் தரையோடு தரையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து, "அட கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் ஊரெல்லாம் நின்றுகொண்டே பார்த்த படம்.

தலைமை நர்ஸ் ஓடி வந்தார். வர்ணக்கா எதையும் மறைக்கவில்லை. பக்கத்தை நீட்டினார். அவர் படித்தார்.

"எடுங்க. எல்லாத்தையும் எடுங்க. சுவரு மொட்டையா இருந்தாலும் பரவாயில்ல."

"பதிலுக்குத் திமிங்கலப் படம் தர்றேன் மேடம்."

"அதுலயாவது ஆளு இல்லையே?"

பன்னிரண்டு படத்துக்கும் எழுத்தை வெட்டியாகிவிட்டது. எதில் என்ன இருக்கிறதென்று வர்ணக்காவுக்கு எப்படித் தெரியும்?

மாலைக்குள் எல்லாம் இறங்கின. ஏழாம் கட்டில் படத்தைக் கழற்றும்போது கண்டக்டர் கேட்டார்: "திரும்பி வந்தாங்களா?"

"அடுத்த பக்கம் எங்க இருக்குன்னு தெரியலைங்க."

"கண்டுபிடிச்சுச் சொல்லுங்கம்மா. இப்பிடிப் பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது. எத்தனையோ பேரை நிறுத்தத்துல விட்டுட்டு விசில் ஊதினவன் நான். கை காட்டிக்கிட்டே ஓடி வருவாங்க. பின்னால வேற பஸ் வருதுன்னு சொல்லுவேன். பாதி நாள் வராது. எனக்கு அது தெரியும்."

மறுநாள் முதல் வர்ணக்கா கையில் திருப்புளியோடு கிளம்பினார். முதல் வருடம் வாங்கியவர்களின் விலாசம் அண்ணியின் பழைய ஆர்டர் நோட்டில் இருந்தது. பல் டாக்டர், முடி திருத்துகிறவர், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அறை. "படத்தோட முதுகைப் பார்க்கணும்" என்று வாசலில் நிற்கிறவரை யார்தான் உள்ளே விடுவார்கள்? விட்டார்கள். மாவு சலிப்பது போலச் சலித்தார். கப்பல் பாய் தைப்பது எப்படி, காற்றுத் திசை, நோய்க்குப் பழச்சாறு. நான்கு நாளில் முப்பத்திரண்டு முதுகு. அந்தப் பக்கம் மட்டும் இல்லை. கண்ணாடியைச் சும்மா மாற்றித் தந்தும் தையல்காரர் கோபத்தில் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. "என் பேரன் அதுக்குச் செல்லப் பேரு வெச்சிருந்தான்மா" என்றார்.

ஐந்தாம் நாள் காலை பால் எடுக்க வந்த வர்ணக்கா, தன் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே பார்த்தார். கொடியின் சிவப்பு வழிந்துபோனதால் விற்க முடியாமல், வேலைக்குச் சேர்ந்த வருடம் பிரேம்காரர் சும்மா சட்டம் போட்டுக் கொடுத்த தொப்பிப் படம். பால் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நாற்காலியில் ஏறினார்.

மூன்றாவது தாள்.

மதியம் கண்டக்டர் தலையணையில் சாய்ந்து காத்திருந்தார். எதிர்ச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வர்ணக்கா உட்காரவில்லை, நின்றபடியே படித்தார். முந்தைய பக்கத்தின் கடைசிச் சொல்லிலிருந்தே தொடங்கினார்.

'திரும்பி ஒன்பதாம் நாளே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். திறந்த கடல்தான் இருந்தது. அந்தப் பாளம் இல்லை. நான்கு நாள் தேடினோம். கப்பல் மணியை நிறுத்தாமல் அடித்தோம்.'

எட்டாம் கட்டில்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

கண்டக்டர் ஆணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பதினொன்னுன்னு சொல்லிட்டு ஒன்பதுலயே வந்தாங்களா?"

"ஒன்பதுலயே."

"மணி அடிச்சாங்க?"

"நாலு நாள்."

அவர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சரி, அந்தப் படத்தை என் எதிர்ல மட்டும் மாட்டச் சொல்லுங்க" என்றார். "கண்ணை எடுத்துட்டு."

வர்ணக்கா பையிலிருந்து ஏழாம் கட்டில் படத்தை எடுத்தார். அதில் முகத்தின் மேலிருந்த வெள்ளைப் புள்ளியை அன்று காலையே சுரண்டி எடுத்திருந்தார்.