கேட்காமல் கொடுத்த முன்பணம்

கண்ணுகளா, ஸ்ரீரங்கத்தில் நாம் ஆசையாகப் பார்த்த வீட்டை அப்பா ஏன் வாங்கவில்லை என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

அந்த வீட்டைக் காட்டிய புரோக்கர் என்னை அண்ணே என்பார். நம் உறையூர் வாடகை வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். பத்திரத்தைக் காட்டச் சொன்னால் சந்தேகப்படுவதாக நினைப்பாரே என்று கூச்சப்பட்டு, பார்க்காமலே முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகு நாங்கள் இருவரும் போனபோது பத்திரம் எழுதுபவர்தான் பழைய பத்திரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கட்டடம் மட்டுந்தாங்க உங்களுக்கு. அடிமனை, அதான் வீடு நிக்கிற நிலம், கோயிலோடது. புரோக்கர் சொல்லலையா?"

நான் புரோக்கரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றபடியே, "தெரியும்ணே. நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

முன்பணம் போனதைவிட அந்தச் சொல்தான் வலித்தது. நீங்கள் யாரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வரும் வழியில் காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். போனில் அவர் எண்ணுக்கு 'தம்பி' என்று போட்டிருந்ததை அழித்து, 'புரோக்கர்' என்று மாற்றினேன்.